விதி நான்கு: தன் வண்டியைத் தானே உதைத்துக் கிளப்ப வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

என் பெல்மோர் மோட்டார் சைக்கிள் இன்று ஒன்பதாவது உதையில் கிளம்பியது. நேற்று ஏழு. போன வாரம் நான்கு. வண்டியில் கோளாறு இல்லை, அதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக என்னிடம் இருக்கும் வண்டி, ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. ஒன்பதாவது உதையில் ‘கடக்’ என்றது என் வலது முழங்கால். அதையும் முதலில் வண்டிச் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்தார். கிட்டோ ஸ்கூட்டர் வைத்திருப்பவர். கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தொட்டார், அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது என்பதே அது நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. போகிற போக்கில், “சார், ஏதாவது உதவி வேணுமா?” என்று வேறு கேட்டார்.

உதவியாம். கிட்டோக்காரரிடம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். மனுஷன் கொஞ்சமாவது கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மார்ச் 5, வியாழன்

பதினோரு உதை.

இந்த விஷயம் வெளியே போகக் கூடாது. பெல்மோர் ஓட்டுநர் கழகத்தில் பதினான்கு பேர். தலைவர் பல் டாக்டர். பதினோரு வருடமாகச் செயலாளர் நான். கழகத்தின் இருபத்து மூன்று விதிகளையும் எழுதியவன் நான். விதி நான்கு: உறுப்பினர் தன் வண்டியைத் தானே உதைத்துக் கிளப்ப வேண்டும், இயலாதவர் உறுப்பினர் ஆகார். பொத்தான் வைத்த புது பெல்மோர் வந்தபோது இரண்டு பேருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவர்கள் வாயை அடைக்கத்தான் அதை எழுதினேன். அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

‘ஆகார்’ என்று வேறு போட்டிருக்கிறேன். என்ன திமிர்.

மார்ச் 6, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் போனேன். படத்தை விளக்கில் காட்டி, ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார்.

“எதையாவது உதைக்கிற வேலையா உங்களுக்கு?”

“முத்திரை ஆய்வாளர். கடைகளோட தராசு, எடைக்கல் எல்லாம் சோதிக்கிறது.”

“அதுல எதை உதைப்பீங்க?”

பெல்மோர் என்று சொன்னேன். சிரித்தார். “உதைக்கிறத விட்டுடுங்க. நானும் வண்டிதான், கிட்டோ. பிரமாதமா போகுது” என்றார்.

இன்னொரு டாக்டரைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். இவரிடம் நடுநிலை இல்லை.

மார்ச் 7, சனி

இரண்டாவது டாக்டர் கார் வைத்திருக்கிறார். அவரும் அதையேதான் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

பதினான்கு உதைக்கு அப்புறமும் வண்டி அசையவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. வாசல் அறையில் தைத்துக்கொண்டிருந்த என் பெண்டாட்டி வெளியே வந்தாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுத்து மாராப்பில் குத்திக்கொண்டு, “தள்ளுங்க” என்றாள்.

“உனக்கு இதெல்லாம்...”

“தள்ளுங்கன்னேன்.”

கிக்கர் மேல் பாதத்தை வைத்தாள். உடனே உதைக்கவில்லை. மெல்ல அழுத்தினாள், நிறுத்தினாள், இன்னும் ஒரு மயிரிழை அழுத்தினாள். காதை எங்கோ வைத்துக் கேட்பவள் மாதிரி தலையைச் சாய்த்தாள். அப்புறம் ஒரே மிதி. தெருவே அதிர்ந்தது.

“இருபத்தஞ்சு வருஷமா தையல் மிஷின் மிதிக்கிறேன். ஊசி மேல எப்ப வரும், கீழ எப்ப போகும்னு காலுக்குத் தெரியும். உங்க இஞ்சினும் அதே மாதிரிதான் மேலயும் கீழயும் போகுது. நீங்க அத அடிக்கிறீங்க, அது கோவிச்சுக்குது.”

தற்செயல் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன்.

மார்ச் 11, புதன்

தற்செயல் இல்லை. ஒரே மிதி.

மார்ச் 12, வியாழன்

ஒரே மிதி. கையில் தேநீர் டம்ளர் வேறு.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பல் டாக்டர் வந்தார். தெரு முனையில்தான் அவர் கிளினிக். கழக ஜாக்கெட் இறுக்கமாம், தளர்த்த வேண்டுமாம். ஜாக்கெட்டெல்லாம் இவள்தான் தைக்கிறாள், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம். இவளையும் பின்னால் ஏற்றிப் போனால்தான் திரும்பக் கிளப்ப முடியும். ஆனால் பதின்மூன்று பேர் பார்க்க இவள் உதைத்தால் என் மானம் கப்பலேறிவிடும். என்ன செய்ய?

மார்ச் 15, ஞாயிறு

ஒரு யோசனை செய்தேன். அணைத்தால்தானே திரும்பக் கிளப்ப வேண்டும்? அணைக்கவே கூடாது!

தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம். வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கத்திக் கத்திப் பேசினோம். தலைவர் எழுந்து, “செயலாளரப் பாருங்க, சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் டீ குடிக்கிறாரு. இதுதான்யா பக்தி!” என்றார். கைதட்டல். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஒரு கிட்டோக்காரர் நிறுத்தி, தன் வண்டியிலிருந்து அரை லிட்டர் எடுத்துத் தருவதாகச் சொன்னார். விதி ஒன்பதை விளக்கினேன்: பிற வண்டிக்காரரிடம் உதவி பெறலாகாது. அவர் இவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு கிலோமீட்டர் தள்ளினோம். நான் முன்னால், இவள் பின்னால்.  இவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

“ஞாயித்துக்கிழம இனிமே நான் ஓட்டுறேன், நீங்க பின்னால உக்காருங்க” என்றாள், துணி வெட்டிக்கொண்டே.

“லைசன்ஸ்?”

“இருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே. எங்கண்ணன் வண்டியில கத்துக்கிட்டேன். ரெண்டு தடவ புதுப்பிச்சாச்சு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

புதுப்பிக்கப் போன இரண்டு நாளும் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நூலும் வாங்கி வந்திருக்கிறாள்.

மார்ச் 20, வெள்ளி

பல் டாக்டர் மறுபடியும் வந்தார். இந்த முறை ஜாக்கெட்டை இறுக்க வேண்டுமாம். பொருளாளர் இரும்புக் கடைக்காரரும் காலை ஆறரைக்கே வந்து நின்றார், பொத்தான் விட்டுப்போச்சாம். ஆறரைக்கு என்ன பொத்தான்? இவளிடம் கேட்டால், “தொழில் ரகசியம்” என்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததில் முழுத் தப்பு என்னுடையது. அதை எழுதிவிட்டால் மீதியை எழுத முடியும்.

கழகத்துக்குச் சொல்லாமல் விடிந்ததும் கிளம்பினோம். இவள் ஓட்ட, நான் பின்னால். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன், யாராவது பார்த்துவிட்டால்? நன்றாகத்தான் ஓட்டினாள். நன்றாக என்ன, என்னைவிட நன்றாக. கியர் மாற்றுவது தெரியவே இல்லை. அதுவே என் வயிற்றெரிச்சல். எதிரே யாரோ ஒரு பெல்மோர்க்காரர் வந்தார். எங்கள் வழக்கப்படி இடது கையைத் தூக்கினார். இவளும் தூக்கினாள். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். “கைய எறக்கு. அது வண்டிக்காரங்களுக்கு. இது பொம்பள ஓட்டுற வண்டியும் இல்ல.”

ஓரமாக நிறுத்தினாள். அணைத்தாள். இறங்கிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“பத்தொன்பது வருஷம் பின்னாடி உக்காந்து வந்திருக்கேன். நான் பாத்தது உங்க முதுகு மட்டுந்தான். ரோடு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன். அதுலயும் மண்ணப் போட்டீங்க” என்றாள். குரல் உயரவில்லை. அந்தப் பக்கமாக வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டாள்.

இருபத்தாறு உதை. கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். வழியில் மூன்று பேர் உதவிக்கு நிறுத்தினார்கள். மூன்றும் கிட்டோ. அடச்சீ, உலகத்தில் எத்தனை கிட்டோ இருக்கிறது!

மார்ச் 23, திங்கள்

பேசவில்லை. சாப்பாடு மேஜையில் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. பஸ்ஸில் போனேன். ஐம்பது நிமிடம் தாமதம்.

மார்ச் 24, செவ்வாய்

பேசவில்லை. மருந்துக்கடைக்காரர், “நாளைக்கு நான் வீட்டுலயே உக்காந்து கடைக் கணக்கு எழுதறேன் சார், எங்கயும் போகல. வண்டி சும்மாதான் நிக்கும், எடுத்துக்கிட்டுப் போங்களேன்” என்றார்.

மறுத்துவிட்டேன். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் விதிப் புத்தகத்தை ஒரு முறை புரட்டினேன். விதி ஒன்பது உதவி பெறுவதைப் பற்றி. விதி பத்து, பிற வண்டி வாங்குவதைப் பற்றி. ‘இரவல்’ என்ற சொல் எங்குமே இல்லை. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா.

மார்ச் 25, புதன்

கிட்டோவில் போனேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மழைக்கோட்டு போட்டுக்கொண்டேன், வெயிலில்.

கதை அதுவல்ல. சந்தைத் தெருவுக்குள் நுழைந்து பழக்கடை முன்னால் நிறுத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு காந்தம். பக்கத்துக் கடையில் குடைந்த எடைக்கல். அதற்கடுத்த மீன் கடையில் தட்டோடு ஒட்டிய ஈயத் துண்டு. ஒரே தெருவில் பதினொரு கடை! என் வேலைக்காலத்தில் மொத்தமாகவே ஆறு கடைகளைத்தான் பிடித்திருக்கிறேன்.

பழக்கடைக்காரர் என்னைக் கோபித்துக்கொண்டார். “இது என்ன சார் அநியாயம்? நீங்க வர்ற சத்தமே கேக்கல!”

“சத்தமா?”

“உங்க வண்டிச் சத்தம் சார். மூணு தெரு தள்ளியே கேக்குமே. கேட்டதும் நல்ல கல்ல எடுத்து வெப்போம், போனதும் மாத்திக்குவோம். பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒரு நம்பிக்கை வேணாமா சார்?”

போன வருடம்தான் என் சரகத்துக்கு ‘நேர்மையான வணிகர்கள் நிறைந்த பகுதி’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் நான்தான் போய் வாங்கினேன். வணிகர்கள் சார்பாக நன்றியுரை வேறு.

மார்ச் 26, வியாழன்

மேலதிகாரி அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேற்றுச் சந்தையில் யாரோ எடுத்த படத்தைப் பெரிதாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கிட்டோ மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், கையில் குடைந்த எடைக்கல். வண்டியை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். “ஏன்? வண்டிதான் ரொம்ப அழகா விழுந்திருக்கு” என்றார்.

மார்ச் 27, வெள்ளி

போய் நின்றேன். கால்சட்டைக்குப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். “தப்புதான்” என்றேன்.

“எது?”

“அன்னிக்குச் சொன்னது.”

“அது மட்டுமா?”

யோசித்தேன். முழங்காலை மறைத்தது. இரண்டு மணி நேரம் வண்டியை ஓடவிட்டது. நான்கு கிலோமீட்டர் இவளைத் தள்ளவைத்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மிஷினை நிறுத்தவே இல்லை. கடைசியில், “ஒன்ன எப்பவும் பின்னாடி உக்காரவெச்சது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு, அதுதான் பெரிய தப்பு” என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மிஷின் நின்றது. “வண்டிப் பேரச் சொல்லி ஊரப் பிரிச்சீங்க, அது உங்க கோமாளித்தனம், நான் சிரிச்சுக்குவேன். என்னயும் ஒரு பக்கமாத் தள்ளிவெச்சீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சாவியை வாங்கி வாசலுக்குப் போய், ஐந்து நாளாக நின்ற வண்டியை ஒரே மிதியில் கிளப்பி, ஓடவிட்டுவிட்டு வந்தாள்.

நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 30, திங்கள்

தொலைந்தேன். பொருளாளர் தன் இரும்புக் கடைத் தராசுக்கு முத்திரை வாங்க ஆபீசுக்கு வந்திருக்கிறார். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டார். முத்திரைகூட வாங்காமல் திரும்பிப் போயிருக்கிறார்.

மாலை தலைவரின் போன். “செயலாளரே, உங்க படம் ஒன்னு பாத்தேன். நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.” ஞாயிறு அவசரக் கூட்டம்.

ஏப்ரல் 2, வியாழன்

பதவி போனால் போகட்டும் என்று காலையில் தோன்றியது. மதியம், போகக் கூடாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நான் வேறு யார்? தராசு பார்க்கிறவன், அவ்வளவுதானே. ஐம்பது வயதில் புதிதாக எங்கே போய் யாரோடு டீ குடிப்பேன்?

ஏப்ரல் 5, ஞாயிறு

முழுசாக எழுதுகிறேன். பின்னால் படித்தால் நானே நம்ப மாட்டேன்.

கூட்டம் தலைவரின் கிளினிக்கில். காத்திருப்பு அறையில் நாற்காலி போதாததால் எல்லோரும் சிகிச்சை அறைக்கே வந்துவிட்டார்கள். உட்கார மிச்சமிருந்தது ஒரே இடம், பல் பிடுங்கும் நாற்காலி. அதில் என்னைச் சாய்த்தார்கள். தலைவர் முக்காலியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் விளக்கை என் முகத்துக்கு இழுத்து, “ஆ காட்டுங்க” என்றார். காட்டினேன். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

குற்றச்சாட்டு: கிட்டோ மேல் அமர்ந்தது, அதில் சிரித்தது. சிரிப்பைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. “கடமைக்காக உக்காந்தாருன்னு எடுத்துக்கலாம். பல்லு ஏன் தெரியுது?” என்றார் பொருளாளர். ‘இரவல்’ விதியில் இல்லை என்று வாதாடினேன். படுத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு கஷ்டம்!

தலைவர் ஒரு வழி சொன்னார். இனி கிட்டோவைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே போய், எல்லோர் முன்னாலும் என் பெல்மோரை உதைத்துக் கிளப்ப வேண்டும். விதி நான்கு.  இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது இவள் உள்ளே வந்தாள், தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு.

“டாக்டர், ஒரு சந்தேகம். விதி நாலு எல்லாருக்கும்தானே?”

“எல்லாருக்கும்தான்” என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“அப்ப செவ்வாயும் வெள்ளியும் உங்க வண்டிய உதைக்கிறது யாரு?”

 எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் எங்கோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பொருளாளரைப் பார்த்தாள். “உங்களுக்குப் பொத்தான் விட்டே போகலண்ணே. தினம் ஆறரைக்கு வண்டிய என் வாசல்ல நிறுத்திட்டு, திரும்பி நின்னுக்குவீங்க.” அடுத்தவர். அடுத்தவர். ஒவ்வொரு ஜாக்கெட்டாக அவரவர் மடியில் வைத்துக்கொண்டே போனாள். ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் குதிகால், மற்றவர்களுக்கெல்லாம் முழங்கால். பதின்மூன்று பேரும் என்னிடமிருந்து மறைத்து என் பெண்டாட்டியிடம் வந்திருக்கிறார்கள்! நான் எழுதிய விதிக்குப் பயந்து!

“தொழில் ரகசியம்னு இத்தன நாள் வாயத் திறக்கல. ஆனா ஒரு ஆள மட்டும் நாற்காலியில சாச்சு வெச்சுக் கேள்வி கேட்டா எப்படி? விதிப்படி பாத்தா இங்க உறுப்பினர்னு ஒருத்தரும் இல்ல.”

உண்மை. இயலாதவர் உறுப்பினர் ஆகார். கழகத்தில் ஆளே இல்லை. விதியைத் திருத்தலாம் என்றார் ஒருவர். திருத்த உறுப்பினர் வேண்டுமே? தலைவரே தலைவர் இல்லை, அப்புறம் கூட்டத்தைக் கலைப்பதுகூட யார்? முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். நான் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை நிமிர்த்தும் பெடல் எங்கே என்று தெரியவில்லை.

கடைசியில் தலைவர்தான் கண்டுபிடித்தார். “உதைக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இவங்கதான். இவங்கள உறுப்பினரா எடுத்துக்கிட்டா, இவங்க நம்மளச் சேத்துக்கலாம்.”

“ஆனா ‘தன் வண்டி’ன்னு இருக்கே. இவங்களுக்கு ஏது வண்டி?” இது பொருளாளர்.

பதின்மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின.

புரிய ஒரு நிமிடம் ஆனது. பெல்மோரை இவள் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். “பெரிய மனசு பண்ணுங்க, கழகத்தக் காப்பாத்துங்க” என்றார் தலைவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு. கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

இவள் கேட்கவில்லை. “வேணாம்னா வேணாம், யாரும் அவரக் கட்டாயப்படுத்தாதீங்க. இது இல்லாமலும் என் பொழப்பு ஓடும்” என்றாள். சத்தியமாக மனதிலிருந்துதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ரோட்டோரத்தில் சாவியை என் கையில் வைத்தாளே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  இவள் அதை இரண்டு முறை படித்தாள், மடித்தாள், வெளியே போனாள். ஒரே மிதி. சத்தம் கண்ணாடியில் அதிர்ந்தது. கைதட்டினார்கள்.

திரும்பி வந்து விதி நான்கைக் கோடு போட்டு அடித்தாள். பதின்மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டாள். பதவிகளைத் திருப்பிக் கொடுத்தாள். செயலாளர் பதவியைத் தானே வைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். “நான்?”

“நீங்க எப்படி? உங்ககிட்டதான் பெல்மோர் இல்லையே” என்றாள்.

விதி ஒன்று. நான் எழுதியதுதான்.

ஏப்ரல் 8, புதன்

போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம். ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். அவர், “அன்பளிப்புன்னு போட்டுக்கறேன்” என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் புது கிட்டோ வாங்கினார். பழையதை நான் எடுத்துக்கொண்டேன். கிட்டோவுக்குக் கழகம் எங்கே கூடுகிறது என்று விசாரித்தேன். அவருக்குப் புரியவில்லை. “கழகமா? இதுக்கெதுக்கு சார்? ஆபீசுக்குப் போறதுக்குத்தானே வண்டி?”

எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. இத்தனை வருடமாக இவர்களை விரோதி, விரோதி என்று மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவர்களுக்கு அப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாது.

ஏப்ரல் 15, புதன்

எதிரே வந்த கிட்டோக்காரர்களுக்குக் கை தூக்கிப் பார்த்தேன். ஏழு பேர் கண்டுகொள்ளவில்லை. எட்டாவது ஆள் ஓரமாக நிறுத்தி, பதறிப்போய் பின் டயரைக் குனிந்து பார்த்தார்.

ஆபீஸ் வேலை: இன்று பிடிபட்டது இரண்டு கடைதான். சத்தமில்லாத வண்டி என்று சந்தைக்குச் செய்தி போய்விட்டது, அதனால் எப்போதும் நல்ல கல்லையே வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இவள் கழகத்தோடு போனாள். என்னையும் கூப்பிட்டாள், தலைவலி என்று சொல்லிவிட்டேன். காலை முழுக்கப் பழைய செய்தித்தாள் படித்தேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தவள், “தலவலி போச்சா?” என்று கேட்டாள். பொய் என்று தெரிந்தேதான் கேட்டாள். அடுத்த வாரம் போகலாம் என்று சொன்னேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போனேன். கழகப் பதிவேட்டில் ‘குடும்பத்தினர்’ என்று ஒரு பக்கம் உண்டு, இதுவரை பெண்கள் பெயர் மட்டும் இருந்த பக்கம். அதில் என் பெயரை எழுதினாள். குடும்பத்தினருக்கு டீ இலவசம், ஆனால் ஹெல்மெட்டுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஹெல்மெட் என் மடியில்.

புறப்படும்போது இவள் வரிசையாகப் பதினான்கு வண்டியையும் உதைத்துக்கொண்டே வந்தாள். இப்போது யாரும் திரும்பி நிற்பதில்லை. பல் டாக்டர் தன் முறைக்காகப் பல்லெல்லாம் தெரியக் காத்திருந்தார்.

நடுவில் தேநீர்க் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, “சார், அருமையான வண்டி. எந்த வருஷம்? எவ்ளோ குடுக்குது?” என்றார். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன்.

“அவங்கள கேளுங்க. வண்டி அவங்களது” என்றேன்.

இவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். டாங்கைத் தட்டி, இஞ்சினைக் காட்டி, கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அந்த ஆள் வாயைப் பிளந்து கேட்டார். வருடத்தை மூன்று தள்ளிச் சொன்னாள். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்றாள்; இறக்கத்தில் தள்ளிவிட்டால்கூட முப்பதுக்கு மேல் போகாது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னே” என்றேன்.